புரத பானம் தயாரிப்போர் பெயர் சூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

பஞ்சாயத்துக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு யோசனை அடிக்கடி எழுப்பப்படுகிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் பயறும் நம் நிலத்திலேயே விளைகின்றன. அவற்றை மூட்டை மூட்டையாக வியாபாரியிடம் விற்றுவிட்டு, அத்தகைய தானியங்களிலிருந்து செய்த பான மாவைப் பட்டணத்துக் கம்பெனியின் டப்பாவில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். நாமே ஒரு புரத பானம் தயாரித்து, நம் ஊர்ப் பெயரிட்டு விற்றால் விவசாயிக்கு நல்ல விலையும், பெண்களுக்கு வேலையும், குழந்தைகளுக்குச் சத்தும் கிடைக்குமன்றோ என்பதே அந்த யோசனை.

யோசனையில் பிழை ஒன்றுமில்லை. எனினும் சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. பன்னிரண்டு பெண்களைக் கொண்ட ஒரு மகளிர் குழு வங்கிக் கடன் பெற்று, வறுக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் வாங்கிப் புரத பான மாவு தயாரிக்கத் தொடங்கிற்று. டப்பாவுக்குப் பல வர்ணத்தில் உறை அச்சிட்டார்கள். ஐயாயிரத்துக்குக் குறைந்தால் அச்சகத்தார் ஏற்கமாட்டார்கள் என்பதால் ஐயாயிரம் அச்சிட்டார்கள். தொடக்க விழாவில் நாமும் பேசினோம். 'பட்டணத்து டப்பாவைப் போலவே இருக்கிறது' என்று நாம் பாராட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. முதல் மாதம் உறவினரும் அலுவலர்களும் வாங்கினர். இரண்டாம் மாதம் கடைக்காரர்கள் கடனுக்கு வாங்கி அடுக்கினர். மூன்றாம் மாதம் காறல் வாடை வீசுகிறதென்று டப்பாக்கள் திரும்பி வந்தன. எஞ்சிய உறைகள் குழுவின் அறையிலேயே கிடந்தன. கடைசித் தவணைகளை அப்பெண்கள் நூறு நாள் வேலையில் பெற்ற கூலியிலிருந்து செலுத்தினார்கள்.

இப்பொழுது வேறொரு பஞ்சாயத்தைச் சேர்ந்த குழுவொன்று அதே தொழிலுக்குக் கட்டடம் கேட்டு மனுச் செய்திருக்கிறது. மனுவை மறுக்க நமக்கு மனமில்லை. ஆனால் முன்பு சொல்லத் தவறியவற்றை இம்முறையாவது முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

இம்முயற்சி உலகுக்குப் புதியதன்று. நம்மைப் போன்றே உழவை நம்பியுள்ள குவாத்தமாலா என்ற மத்திய அமெரிக்க நாட்டின் அனுபவத்தை முதலில் பார்ப்போம். அந்நாட்டில் 1949-இல் 'இன்காப்' என்னும் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. டாக்டர் நெவின் ஸ்கிரிம்ஷா அதன் முதல் இயக்குநர். கிராமத்துக் குழந்தைகள் சோளக் கஞ்சியையே பெரிதும் நம்பி வாழ்ந்து, பால் இன்றி நலிவதைக் கண்ட அறிஞர்கள், பாலுக்கு ஈடான ஒரு மாவை உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டே செய்ய முற்பட்டனர். ரிக்கார்டோ பிரெஸ்ஸானி முதலியோர் பல கலவைகளைச் சோதித்த பின், மக்காச்சோளம், வெள்ளைச்சோளம், எண்ணெய் நீக்கிய பருத்திக்கொட்டை மாவு ஆகியவற்றை முக்கியமாகக் கொண்ட ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் புரதம் நூற்றுக்கு 27 பங்குக்கு மேல் இருந்தது. அதற்கு 'இன்காப்பரினா' என்று பெயரிட்டனர். பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதை அபாயமில்லாத அளவுக்குக் குறைத்த பின்னரே மாவு வெளியே வந்தது. பிற்காலத்தில் பருத்திக்கொட்டைக்குப் பதிலாகச் சோயா இடம்பெற்றது.

நம் கவனத்துக்குரியது கலவையைவிட அதை விற்ற முறையே. அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக 'அட்டோலே' என்ற ஒரு சோளப் பானத்தைச் சூடாகக் காய்ச்சிக் குடித்து வருகிறார்கள். நம் ஊர்க் கஞ்சிக்கு அது உறவு என்று சொல்லலாம். இன்காப்பரினாவையும் அவ்வாறே காய்ச்சிக் குடிக்கும்படி அமைத்தார்கள். புதிய ஆகாரம் ஒன்றைப் பழகிக்கொள்ளுமாறு ஒரு தாயிடமும் கேட்கவில்லை. அவள் அன்றாடம் அடுப்பிலேற்றும் பாத்திரத்தில் வேறு மாவைப் போடும்படிதான் கேட்டார்கள். அன்றாடக் கூலிக்காரரும் வாங்கும்படி சிறு பைகளில் விற்றார்கள். ஆராய்ச்சி நிலையம் தானே வியாபாரத்தில் இறங்கவில்லை. தயாரித்து விற்கும் உரிமையைத் தொழில் தெரிந்த கம்பெனியிடம் கொடுத்து, தரத்தைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்காப்பரினா குவாத்தமாலாக் கடைகளில் விற்பனையாகி வருகிறது. அதே மாவை வேறு பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் விற்க முயன்றபோது அங்கே அது இவ்வாறு வேரூன்றவில்லை.

இன்னொரு வரலாறு ஹாங்காங்கைச் சேர்ந்தது. கே. எஸ். லோ என்பவர் போரினால் அகதிகளாக வந்தோர் ஊட்டமின்றி வாடுவதைக் கண்டு, சோயாப் பாலைப் புட்டியில் அடைத்து விற்க 1940-இல் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுவே 'வைட்டாசாய்'. முதல் நாள் விற்றவை ஒன்பதே புட்டிகள்! ஏழைகளின் பாலாக எண்ணி, சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார், வியாபாரம் ஓங்கவில்லை. புட்டி விரைவில் கெட்டுவிடும் என்பது ஒரு குறை. பாலுக்கு வக்கில்லாதவர் குடிப்பது என்ற எண்ணமும் ஒரு குறையே. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது தொழில் நின்றுபோய், போருக்குப் பின் மீண்டும் தொடங்கியது. 1950-களில் புட்டியை உயர்வெப்பத்தில் காய்ச்சிக் கிருமி நீக்கும் முறை வந்ததும், குளிர்ப்பெட்டி இல்லாத கடையிலும் அதை வைக்க முடிந்தது. அது முதல் வைட்டாசாய் சோடா, கலர் விற்கும் கடைகளில் அவற்றோடு சேர்ந்து, சுவையான பானம் என்ற பெயரிலேயே விற்பனையாயிற்று. வியாபாரம் வளர்ந்தது அதற்குப் பின்புதான். இதை எண்ணும்போது நம் குழுவினர் டப்பாவின்மேல் 'ஏழைக் குழந்தைகளின் அமுதம்' என்று அச்சிட்டிருந்ததும் நினைவுக்கு வருகிறது. தன்னை ஏழையென்று கடைத்தெருவில் அறிவித்துக்கொண்டு பொருள் வாங்க எவர் விரும்புவார்?

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் நிலக்கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து 'மில்டோன்' என்ற பானத்தை உருவாக்கினார்கள். அறிவியல் வகையில் அது சிறந்ததே. எனினும் மக்கள் பழக்கத்தில் அது ஊன்றவில்லை.

இனிப் புரதத்தைப் பற்றி. 1950, 1960-களில் ஏழை நாட்டுக் குழந்தைகளின் நலிவுக்குப் புரதக் குறைவே தலையாய காரணம் என்று உலக அறிஞர்கள் பெரிதும் நம்பினார்கள். பின்னர் அந்தக் கருத்து மாறியது. டாக்டர் டொனால்டு மக்லாரன் 1974-இல் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வயிறு நிறையாத குழந்தைக்குப் புரதத்தை மட்டும் கொடுத்தால், உடம்பு அந்தப் புரதத்தையே விறகாக எரித்துவிடும். வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறைவு. ஆகவே தானியமும் பருப்பும் சிறிது கொழுப்பும் சேர்ந்த முழு ஆகாரமே தேவை. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த சோதனையும் இதை ஒட்டியதே. இரண்டு கிராமங்களில் இன்காப்பரினா, பால்பொடி, சர்க்கரை சேர்த்த அட்டோலேயும், மற்ற இரண்டில் புரதமற்ற இனிப்புப் பானமும் இலவசமாக வழங்கினார்கள். பிறந்தது முதல் இரண்டு வயதுவரை அட்டோலே பெற்ற ஆண் குழந்தைகள் வளர்ந்து உழைக்கும் பருவத்தில் மணிக்கு ஈட்டிய கூலி ஏறத்தாழ 46 சதவிகிதம் அதிகமாக இருந்ததென 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பெண்களின் கூலியில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இது பெரிய செய்தி. ஆனால் அந்தப் பானத்தில் பாலும் சர்க்கரையும் இருந்தன, அதை இலவசமாகத் தினந்தோறும் கொடுத்தார்கள் என்பவற்றை மறந்துவிட்டு, நம் பொட்டலத்தின்மேல் அதை விளம்பரமாக அச்சிடுவது நேர்மையாகாது.

நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டு என்ன செய்யலாம்? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. பொட்டுக்கடலையில் 22 கிராமும், பாசிப்பயறில் 24 கிராமும், நிலக்கடலையில் 25 கிராமும், சோயாவில் 43 கிராமும் உண்டு. தானியப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பருப்பும் சோறும் சேர்த்து உண்ட நம் முன்னோர் இதைப் படித்து அறிந்தவர்கள் அல்லர். கேழ்வரகு 60 பங்கு, பொட்டுக்கடலை 25 பங்கு, நிலக்கடலை 15 பங்கு என்று கலந்தால் 100 கிராம் மாவில் ஏறத்தாழ 13½ கிராம் புரதம் இருக்கும். தம்ளருக்கு 40 கிராம் மாவிட்டால் 5½ கிராம் கிடைக்கும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும் பெண்ணுக்கு 46 கிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வரையறுத்திருக்கிறது. ஒரு தம்ளர் நல்ல துணை ஆகாரமே தவிர, சோற்றுக்கும் பருப்புக்கும் பதிலாகாது. மாவில் பாதிக்குப் பாதி சர்க்கரையைச் சேர்த்தால் புரதமும் பாதியாகிவிடும். எடை கூட்டுவதற்கு இதுவே எளிய வழியென்று யோசனை சொல்வோர் வருவார்கள்.

கேழ்வரகில் ஒரு பகுதியை முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்துச் சேர்ப்பது மிகவும் நன்று. முளைக்கும்போது தோன்றும் பொருள் மாவுச்சத்தை இளக்குவதால் கஞ்சி கெட்டிப்படுவதில்லை. அதனால் ஒரே தம்ளரில் கூடுதலாக மாவிட்டுக் காய்ச்சலாம். குழந்தை சலிப்பின்றிக் குடிக்கும். சோயா சேர்ப்போர் அதைப் பச்சையாக அரைக்கலாகாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் பச்சைச் சோயாவில் உண்டு. நன்றாக வெந்தால் அல்லது வறுபட்டால்தான் அது நீங்கும்.

நிலக்கடலையைப் பற்றி விவசாயிகளிடம் தனியாகப் பேச வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று கண்டுபிடித்து, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். வறுத்தாலும் காய்ச்சினாலும் அந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை. ஆகவே அதைத் தடுக்கும் இடம் குழுவின் ஆலையன்று, நம் களமே. பிடுங்கிய செடியை ஈர மண்ணில் குவித்து வைப்பது, அரைகுறையாக உலர்ந்த காயை மூட்டை கட்டுவது, உடைக்க எளிதாக இருக்கட்டுமென்று காயின்மேல் நீர் தெளிப்பது ஆகிய மூன்றும் பூஞ்சணத்துக்கு நாமே விருந்து வைப்பதாகும். காயை ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை உலர வேண்டும். சுருங்கியதும் நிறம் மாறியதும் முளைவிட்டதுமான பருப்பைப் பொறுக்கி நீக்க வேண்டும். இவ்வாறு பொறுக்கிக் கொடுக்கும் விவசாயிக்குக் குழு சந்தை விலைக்குமேல் கொடுக்கட்டும். பொறுக்காத மூட்டையை உறவு பாராமல் திருப்பி அனுப்பட்டும். பஞ்சாயத்து ஒரு சிமெண்டுக் களம் அமைத்துக் கொடுத்தால், கட்டடத்தைவிட அதுவே முதலில் பயன்தரும்.

முன்னைய குழுவை வீழ்த்திய காறல் வாடையும் நிலக்கடலையிலிருந்து வந்ததே. கடலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய். பொடித்த பின் காற்றுப்பட்டால் அது விரைவில் கெடும். அவர்கள் கடலையின் அளவை மிகுதியாக வைத்திருந்தார்கள். அரைத்த சூடு ஆறுமுன் அடைத்தார்கள். கோடையில் தகரக் கூரையின்கீழ் அடுக்கினார்கள். கடலையைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுவதும், வாரத்துக்கு விற்கும் அளவே அரைப்பதும் இதற்குப் பரிகாரம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ இன்றி ஒரு பொட்டலமும் விற்கலாகாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கு அச்சட்டத்தில் வரையறை இல்லை. அத்தலைப்பின்கீழ் பால், தானிய, மால்ட் பான வகைகளை விற்கலாகாதென 2024 ஏப்ரலில் இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பொட்டலத்தில் புரத அளவு அச்சிடுமுன் ஆய்வுக்கூடச் சான்று பெறுதல் வேண்டும். கொழுகொழுவென்ற கைக்குழந்தையின் படத்தைப் போட எல்லோருக்கும் ஆசை உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே அப்படம் வேண்டா.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். பின்வரும் விலைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஒரு கிலோ மாவு பெற, புடைத்தலிலும் வறுத்தலிலும் கழிவது போக, 1 கிலோ 100 கிராம் தானியம் வேண்டுமென்று கொள்வோம். கிலோ 80 ரூபாய் வீதம் 88 ரூபாய். விறகும் அரைவையும் 12, கூலி 30, சோதனைச் செலவு, வண்டிச் சத்தம் 10. ஐம்பது கிராம் பொட்டலமாக இருபது கட்டினால், உறைக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 30. ஆக 170 ரூபாய். பொட்டலம் ஒன்றுக்கு எட்டரை ரூபாய். பத்து ரூபாய்க்கு விற்கிறோம், ஒன்றரை ரூபாய் லாபம் என்று கூட்டத்தில் கைதட்டுவார்கள். ஆனால் கடைக்காரர் தமக்கு இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டு நம்மிடம் எட்டுத்தான் கொடுப்பார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஐம்பது காசு நஷ்டம்; எவ்வளவு நன்றாக விற்கிறதோ அவ்வளவு நஷ்டம்.

நாற்பது கிராமாக இருபத்தைந்து பொட்டலம் கட்டினால் உறைச் செலவு 37½ ரூபாயாகி, மொத்தம் 177½ ஆகும். பொட்டலத்துக்கு 7 ரூபாய் 10 காசு. கடைக்காரர் வழியே விற்றால் மிஞ்சுவது 90 காசு. பத்தில் ஒன்று விற்காமல் திரும்பினால், பத்துக்குச் செலவு 71, வரவு 72. பத்துப் பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் மிச்சம்! கடன் தவணையும் இயந்திரத் தேய்மானமும் இதில் இன்னும் சேரவில்லை. அதே பொட்டலத்தைச் சந்தையில் குழுவினரே நின்று ரொக்கத்துக்கு விற்றால் 2 ரூபாய் 90 காசு நிற்கும். முன்னைய குழு இக்கணக்கைப் போடவில்லை. போடும்படி நாமும் சொல்லவில்லை.

அங்கன்வாடிகளில் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் சத்துமாவு இலவசமாக வழங்கப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதையே காசுக்கு விற்க முனைந்தால் யார் வாங்குவார்? கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' என்ற மாவைத் தயாரித்து அங்கன்வாடிகளுக்கே வழங்குகிறார்கள். அவர்களுக்கு நிச்சயமான கொள்வோர் உண்டு. நம் குழுவுக்கு இல்லை. எனவே நம் பானத்தைக் குடிக்கப் போகிறவர் யாரென்று முதலில் தீர்மானிக்க வேண்டும். காலையில் வேலைக்குச் செல்வோர், கட்டட வேலை செய்வோர், விடுதி மாணவர், மாலையில் பந்தாடும் இளைஞர் ஆகியோரே நம் கருத்தில் பொருத்தமானவர்கள். இவர்கள் தேநீர்க் கடைக்கு எப்படியும் வருகிறார்கள். அங்கே தேநீருக்கு அருகில் ஒரு பாத்திரத்தில் சூடான பானம் கொதித்துக்கொண்டிருந்தால், டப்பாவும் விளம்பரமும் இல்லாமலே ஒரு தம்ளர் விற்கும்.

மனுச் செய்த குழுவினரை அழைத்து இவையனைத்தையும் பேசினோம். அவர்களில் மூத்த அம்மாள் ஒருவர், 'ஐயா, போன தடவை நீங்கள் பேசினபோது நானும் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்' என்றார். நமக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. பேசி முடிவானது இது: கட்டடமும் கடனும் இப்போதைக்கு வேண்டா; பதிவு பெற்றபின், ஊரிலுள்ள அரைவை ஆலையில் கூலிக்கு அரைத்து, வெறும் உறையில் சீட்டு ஒட்டி, வாரத்துக்கு முந்நூறு பொட்டலம் மட்டும் கட்டுவது; சந்தை நாளில் அடுப்பு மூட்டிப் பானத்தைத் தம்ளரில் கொடுத்துக் குடிக்கச் செய்து, கேட்பவருக்குப் பொட்டலம் விற்பது; எட்டு வாரங்கள் ஒருவருக்கும் கடன் கொடுப்பதில்லை. முதல் வாரம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுவாரம் தாமாகவே வந்தார்கள் என்பதைத் தனியாக எழுதி வைக்கவும் சொல்லியிருக்கிறோம். பானத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கணக்கு நோட்டு வட்டார அலுவலகத்தில் இருக்கும். எந்தப் பஞ்சாயத்து உறுப்பினரும் வேலை நாளில் வந்து பார்க்கலாம்.